மிதிவண்டிக்கும் ஒரு வழி

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம் இல்லங்களுக்குக் காலையில் பாலும் நாளிதழும் மிதிவண்டியிலேயே வருகின்றன. ரயில்வே எழுத்தராகிய நாமும் அலுவலகத்திற்கு அதிலேயே செல்கின்றோம். பின்னே பேருந்து உறும, டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்குமோ என்று நெஞ்சு பதறுகிறது. வீடு திரும்பும்வரை இல்லத்தாருக்கும் கவலையே.

2013 ஆம் ஆண்டில் இந்நகரின் 174 சாலைகளில் மிதிவண்டி தடை செய்யப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோதோ, தடை தளர்த்தப்பட்டது. ஆபத்துக்கு உதவிய வண்டி அன்றாடத்துக்கு ஆகாததா? விபத்தைத் தவிர்க்க எளியவனை விலக்குதல் நீதியன்று. கல்வரம்பிட்டுத் தனிப்பாதை அமைத்தலே நெறி.

அன்பர்களே! சங்கத்தின் வாயிலாக மாநகராட்சிக்கு விண்ணப்பம் அனுப்புவோமாக. முதற் கையொப்பம் நம்முடையதாகுக.