ஷூவுக்கும் உண்டு ஜாதகம்!

ஆம்பூரில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் இரண்டே விஷயம்தான் கேட்பார்கள். ஒன்று பிரியாணி. இன்னொன்று, "எக்ஸ்போர்ட் ஷூ சீப்பா கிடைக்குமாமே?"

சித்தி மகனுக்கு பெங்களூரில் இன்டர்வியூ. சித்தி அனுப்பியது 1,500 ரூபாய். தையல் மெஷின் மிதித்துச் சேர்த்த காசு. ரெக்ஸினை வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தில் முழிக்க முடியுமா? தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஓட்டிய பக்கத்து வீட்டு பாயைத் துணைக்கு அழைத்துப் போனேன்.

பாய் விலையே கேட்கவில்லை. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரையைப் படிங்க தம்பி!"

ஐரோப்பாவில் விற்கும் ஷூவில் மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றும் எதனால் ஆனது என்று காட்ட வேண்டும். 1994-ல் வந்த விதி. விரித்துப் போட்ட தோல் மாதிரி படம் இருந்தால் தோல். அதற்குள் டைமண்ட் இருந்தால் பூச்சு போட்ட தோல். வலைப்பின்னல் என்றால் துணி. வெறும் டைமண்ட் என்றால் ரப்பர், ரெக்ஸின் வகையறா. (டைமண்ட் என்றதும் உசத்தி என்று வாங்கிவிடாதீர்கள் சார்!) அந்தப் பாகத்தில் 80 சதவீதமாவது அந்தப் பொருள் இருக்கணும்.

"படத்தை யார் வேணா அச்சடிக்கலாமே பாய்?"

"அடிப்பாங்க. அதான் ஓரத்தைப் பார்க்கணும்."

வெட்டிய ஓரத்தை நகத்தால் நெருடிக் காட்டினார். தோல் என்றால் நார் நாராக இருக்கும். ரெக்ஸின் என்றால் அடியில் துணி எட்டிப் பார்க்கும். வாசனையை மட்டும் நம்பவே கூடாதாம்.

நாலாவது கடையில் மாட்டியது. மேலே தோல், உள்ளே தோல், அடியில் டைமண்ட்.

"மழையில நடப்பான்ல, அடி ரப்பரா இருக்கட்டும்" என்றார் பாய்.

1,450 ரூபாய். மீதி ஐம்பதுக்கு சாக்ஸ்.