எட்டு மில்லி ஆம்பியர் பெருமை

குறைந்த கரண்டில் ஓடும் ரேடியோ செட் கட்டுவது எனக்கு அந்தக் காலத்தில் ஒரு பைத்தியம். புயல் மழையில் கரண்ட் போனால் தூத்துக்குடியில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டார்ச் செல் நாலைப் போட்டால் நாள் கணக்கில் ஓட வேண்டும் என்று 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு ரிசீவர் கட்டினேன். மொத்தமே 8 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். ஹாம் நண்பர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26. எதிர்வீட்டு அம்மாவின் மகன் போர்ட் பிளேரில் வேலையில் இருந்தான். போன் கிடைக்கவில்லை. பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குப் போயிருந்த ஹாம் குழு அங்கிருந்து பேசுகிறது என்று கேள்விப்பட்டேன். என் பெரிய செட்டோ ரிப்பேரில் கிடந்தது. சின்னதை எடுத்து, மொட்டை மாடியில் இருபது மீட்டர் கம்பியைக் கட்டி, சாயங்காலம் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, ஏதாச்சும் கேக்குதா?"

கேட்டது. எங்கே திருப்பினாலும் எங்கள் ஊர் வானொலி! 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட், இலங்கை வரை கேட்க வைத்த நிலையம். எனக்கோ பக்கத்து வீடு மாதிரி. அந்தமான் குரல் இருந்திருக்கலாம். அதன் மேல் இவர்கள் பாட்டு ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா ராத்திரி பத்து மணி வரை வாசப்படியிலேயே இருந்தார்.

தவறு வானொலியுடையது அல்ல, என்னுடையது. கரண்டை மிச்சம் பிடிக்க முதல் டிரான்சிஸ்டருக்கு அரை மில்லி ஆம்பியர்தான் கொடுத்திருந்தேன். அதன் பேஸில் சில மில்லிவோல்ட் வரைதான் அது ஒழுங்காக நடந்துகொள்ளும். பிறகு ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன்: ஏரியல் முனையில் ஊர் வானொலி மட்டும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. நான் தேடியதோ அஞ்சு மைக்ரோவோல்ட். இரண்டு லட்சம் மடங்கு வித்தியாசம்! சின்ன ஓடைக்குள் பெருவெள்ளம் புகுந்தால் ஓடை எங்கே, கரை எங்கே?

அடுத்த மாதம் முழுக்க அதைப் பிரித்துப் போட்டேன். முன்னால் இருந்த டிரான்சிஸ்டரையே தூக்கி எறிந்தேன். அந்த இடத்தில் காயிலும் கண்டென்சரும் சேர்ந்த ஒரு வடிகட்டி. மத்திய அலையை வாசலிலேயே நிறுத்திவிடும், ஒரு துளி கரண்ட் கேட்காது. அதன் பின் நாலு டையோடு வளையமாகக் கட்டிய மிக்ஸர். அதில் சிக்னல் பாதியாகிவிடும் என்று பயப்படுவார்கள். 14 மெகாஹெர்ட்ஸில் ஏரியலில் வரும் இரைச்சலே செட்டின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு. பாதி போனால் இரைச்சலும்தான் பாதி போகிறது. பெருக்குவதையெல்லாம் குறுகிய கிரிஸ்டல் ஃபில்டருக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

ஆனால் டையோடுகளைத் தட்டி எழுப்ப ஆசிலேட்டர் பலமாக இருக்க வேண்டும். எட்டு மில்லி ஆம்பியர் பதினைந்தானது. செல் சீக்கிரம் தீரும். தீரட்டும் என்று விட்டேன்.

அந்தப் பையன் பிழைத்திருக்கும் செய்தி நாலாம் நாள் போனில் வந்தது. மதுரை நண்பர் ஒருவர் தன் செட்டில் முதல் நாளே அந்தமானைக் கேட்டிருந்தார். பொங்கல் கழிந்து ஊருக்கு வந்தவன் என் மேஜையில் இருந்த செட்டைப் பார்த்தான்.

"இதுலதான் எங்களைக் கேட்டீங்களா மாமா?"

இல்லை என்றேன்.