ஒரு சவரனும் இரண்டு டன் கல்லும்

பங்காரப்பேட்டையில் வண்டி மாறி மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் பிரயாணம் செய்கிறவர், கோரமண்டல் நிலையத்தைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம், புல் பூண்டு அதிகம் படராத, வெளுத்த சாம்பல் நிறமுடைய, உச்சியை யாரோ மட்டமாகச் சீவி வைத்தாற்போன்ற குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருவதைக் காண்பார். அவற்றை இயற்கைக் குன்றுகள் என்றே எண்ணிய நான், இந்தப் பிரதேசத்துப் பூமியின் விசித்திரத்தைப் பற்றி வாய்விட்டு வியந்தபோது, பெங்களூரில் இரவு வேலையை முடித்துக்கொண்டு எதிர் ஆசனத்தில் பாதித் தூக்கத்தில் வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் கண்ணைத் திறந்து, "அது மலை இல்ல சார், சயனைடு மேடு. எங்க தாத்தா மாதிரி ஆளுங்க கொட்டினது" என்றார்.

அந்த மேடுகளைக் கொட்டிய கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது என்பதும், அதன்பின் அந்த ஊர் ஜனங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தினந்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று ஜீவனம் நடத்துகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தவையே. மூடிய சுரங்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். தொழில் நின்றுவிட்டாலும் அதைக் கையால் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்களே, அவர்களிடம் கேட்கலாம் என்பதே என் எண்ணமாக இருந்தது. அந்த இளைஞர் சாம்பியன் நிலையத்தில் என்னையும் இறக்கிக்கொண்டு, காலமாகிவிட்ட தம் தாத்தாவின் சிநேகிதர்களான இரண்டு முதியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போனார். ஒருவர் பூமிக்கடியில் கல் கட்டும் மேஸ்திரியாக இருந்தவர். மற்றவர் கல்லிலிருந்து பொன்னைப் பிரிக்கும் மில்லில் இருந்தவர். தங்கம் எடுப்பதில் எது பெரிய வேலை என்பதில் இருவருக்கும் நெடுநாளைய வழக்கு ஒன்று தீராமல் இருந்தது. என்னை நடுவராக வைத்து அதை அன்று பகல் முழுவதும் நடத்தினார்கள்.

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1802-இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ராணுவ அதிகாரி, உரிகம் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின் லவெல் என்பவர் சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பிறகே தொழில் பெருந்தொழிலாயிற்று. 1902-இல் காவேரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். 1956-இல் மைசூர் அரசாங்கமும், பிறகு மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன. கல் உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் ஊரைவிட்டு வந்தவர்கள். கைரேகைப் பதிவு என்னும் அவமதிப்பை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்களே. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை அமைத்துப் போற்றியவர்களும் அவர்களே.

மேஸ்திரி என்னைச் சாப்டு என்னும் சுரங்கக் குழியின்மேல் துருப்பிடித்து நிற்கும் கோபுரம் ஒன்று தெரியும் வேலியோரத்திற்கு அழைத்துப் போனார். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழமுடையது. ஆட்களை இறக்கும் கூண்டாகிய கேஜ் ஒன்றிலேயே அடிவரை போய்விட முடியாது. பாதியில் இறங்கி, நடந்து, வேறொரு கேஜில் மறுபடி இறங்க வேண்டும். நூறடிக்கு ஒன்று என்று ஏறத்தாழக் கணக்கிட்ட லெவல்கள் என்னும் தளங்கள் நூறையும் தாண்டிச் சென்றன. அத்தனை ஆழத்தில் பாறையின் உஷ்ணம் அறுபது டிகிரிக்கு மேல் என்பதால், மேலே யந்திரத்தால் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினார்கள். "குளிர்ந்த காத்து எங்க கிட்ட வர்றதுக்குள்ள அதுக்கும் வேர்த்துடும் சார்" என்றார் மேஸ்திரி.

தங்கம் அங்கே தங்கமாகக் கிடப்பதில்லை. கருங்கல்லைப் போன்ற கரிய பாறையினூடே, வடக்குத் தெற்காக ஓடி மேற்கே சரிந்து இறங்கும் வெண்கல் நரம்பொன்று உண்டு. அந்தக் குவார்ட்ஸ் நரம்பில்தான் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பொன் விரவிக் கிடக்கிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவியால் நரம்பில் துளைகளிட்டு, மருந்து கெட்டித்து, ஆட்கள் விலகிய பின் வெடித்து, புகை அடங்கியதும் உடைந்த கல்லைச் சரிவுவழியே டிராம் வண்டிகளில் இறக்கி, அங்கிருந்து ஸ்கிப் என்னும் தொட்டியில் ஏற்றி மேலே இழுப்பார்கள். இவ்வளவும் எல்லாச் சுரங்கங்களுக்கும் பொதுவானதே. கோலாருக்கே உரிய விசேஷம் அதற்குப் பிறகு வருகிறது. நரம்பை எடுத்துவிட்ட இடம் வெற்றிடமாகிறது. அதன் இருபுறத்துப் பாறைகளும் இரண்டு மூன்று கிலோமீட்டர் பாரத்தைச் சுமந்துகொண்டு ஒன்றையொன்று நெருங்க ஆரம்பிக்கின்றன. மரத்தூண்கள் நசுங்கிப் போகின்றன. ஆகவே மேலே கருங்கல்லைக் கொத்திக் கீழே இறக்கி, சுண்ணாம்போ சிமென்டோ இடாமல், கல்லோடு கல் பொருத்தி அந்த வெற்றிடத்தில் சுவர் எழுப்பினார்கள். கிராமத்தில் கிணற்றுச் சுவர் கட்டத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாதாளத்தில் மதில் கட்டினார்கள் என்று சொல்லலாம்.

"மேல நீங்க கட்டுற சுவரு வெயில், மழை தாங்கணும். இது மலையே தாங்கணும். கல்லு ஆடிச்சுன்னா ஒரு ஷிப்டு வேலை வீண். ஆள் வீண்னும் சொல்லலாம்" என்றார் மேஸ்திரி. சுவரையும் மீறிப் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதை அவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று வழங்குகிறார்கள். பூமிக்கு மேலே வீட்டுப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். அடுத்த கணம் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சாப்டு வாசலை நோக்கி ஓடுவார்கள். எந்தப் பெண் யாருக்காக ஓடினாள் என்பது கேஜ் மேலே வரும் வரையில் தெரியாது. அதைச் சொன்ன பிறகு அவர் சிறிது நேரம் பேசவில்லை. மில்காரரும் அன்று அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் தம் கட்சியை எடுத்துப் பேசவில்லை.

(இதே ஆழத்தைப் பயன்படுத்தி வேறொரு காரியமும் நடந்தது. 1965-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து இங்கே பூமிக்கடியில் கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டு கண்டார்கள். மேலேயுள்ள பாறை மற்றக் கதிர்களையெல்லாம் வடிகட்டிவிடுமாம். சல்லடை என்பது எத்தனை விதமாக இருக்கிறது!)

பிற்பகலில் மில்காரரின் முறை வந்தது. அவருடைய வாதம் எளிமையானது: மேலே வந்த கல் வெறும் கல், அதைத் தங்கமாக்குவது மில். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல், அதாவது ஐந்து சவரன் எடைப் பொன் கிடைத்ததுண்டு. கடைசிக் காலத்தில் அது நான்கு கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு சவரனுக்கு இரண்டு டன் கல்லும் போதாது என்று கணக்காகிறது. ஆகவே மில்லின் கலை என்பது பொன்னைத் தேடுவதன்று, பொன் அல்லாததைக் கழிப்பதே. அதில்தான் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் கல்லை யந்திரத் தாடைகளில் நொறுக்குவார்கள். பிறகு, பழைய நாளில் இரும்பு உரலில் இரும்பு உலக்கைகள் வரிசையாக எழுந்து விழுந்து இடித்தன. அந்த ஓசை இரவு பகல் இடைவிடாமல் கேட்டதால், ஓசை நின்றால்தான் குழந்தைகள் தூக்கம் கலைந்து அழும் என்றார். பின்னாளில் இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாய்களில் மாவாக அரைத்தார்கள். தண்ணீரோடு கலந்த அந்தக் கல்மாவைச் சரிவான மேடைகளில் விரித்த முரட்டுத் துணியின்மேல் ஓடவிட்டால், கனத்த பொன் துகள் துணியின் மயிரில் தங்கிவிடும், இலேசான கல்மா ஓடிப்போகும். பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணை வாரிக் கழுவிப் பொன் எடுப்பவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. குறித்த நேரத்திற்கொருமுறை துணியை அலச வேண்டும். தாமதித்தால் துணி நிரம்பிப் பொன் வழிந்துவிடும், அவசரப்பட்டால் வெறும் மண் சேரும். அலசி எடுத்ததைப் பாதரசத்தோடு உருட்டினால், ரசம் பொன்னை மட்டும் பற்றிக்கொண்டு வெண்ணெய்போல் திரளும். அதைப் பிழிந்து, மூடிய வாலையில் காய்ச்சினால் ரசம் ஆவியாகிப் போய்க் குளிர்ந்து திரும்ப, பொன் பஞ்சுபோல மிஞ்சும். நம் சித்தர்கள் ரசவாதம் என்று எதைக் கனவு கண்டார்களோ, அதைச் சம்பளத்திற்குச் செய்தவர் என் எதிரே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

துணிக்கும் ரசத்திற்கும் அகப்படாத சூட்சுமத் துகள்களுக்குத்தான் சயனைடு. 1887-இல் கிளாஸ்கோவில் கண்டுபிடிக்கப்பட்ட முறை அது. மிகவும் நீர்த்த சயனைடுக் கரைசலில் கல்மாவைப் பல மணி நேரம் ஊறவைத்துக் காற்றும் கலந்தால், சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோலப் பொன் அதில் கரைந்துவிடும். கரைசலில் சுண்ணாம்பு குறைந்தால் விஷவாயு கிளம்பும் என்பதால், சுண்ணாம்பைப் பார்த்துக்கொள்வதே உயிரைப் பார்த்துக்கொள்வதாகும். தெளிந்த நீரை வடித்துத் துத்தநாகப் பொடியைத் தூவினால், துத்தநாகம் கரைந்து பொன்னைக் கீழே தள்ளும். அப்படி வண்டலாகப் படியும் பொன் மஞ்சளாக இராது. கறுப்புச் சேறாக இருக்கும். அதை அமிலத்தில் கழுவி, உலர்த்தி, வெண்காரம் சேர்த்து மூசையில் உருக்கும்போதுதான் முதன்முதலாகப் பொன்னின் நிறம் வருகிறது. அந்த உருக்கும் அறைக்குள் நுழைய மில்காரருக்கே அனுமதி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர், "மஞ்சளா நான் பார்த்தது எம் பொண்ணு கல்யாணத்துலதான், கடையில வாங்கி" என்றார்.

நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்குக் குறையாத பொன் இங்கிருந்து போயிற்று. கல்மாவாகத் தங்கியது மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். அவைதாம் ரயிலிலிருந்து நான் கண்ட குன்றுகள். பலத்த காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு எழுந்து வந்து சோற்றுப் பானையிலும் தொட்டில் துணியிலும் படிகிறது. கீழே துளையிட்ட தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு சிலிகோசிஸ் நோயால் முடிந்தவர்கள் எத்தனையோ பேர். மேஸ்திரியும் பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியே நடந்தார். பொன்னை எடுத்துச் சென்றவர்கள் கழிவையும் எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒரு விரற்கடை நல்ல மண்ணையாவது பரப்பி மரம் வைத்திருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மேஸ்திரியின் சுவர்கள் இப்போது நீருக்குள் நிற்கின்றன. பம்புகளை நிறுத்திய பிறகு சாப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மில்காரரின் வேலையோ இன்னும் முடியவில்லை. அந்தக் கழிவு மேடுகளை மறுபடி கரைத்து எஞ்சிய பொன்னை எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் சம்மதம் அளித்திருக்கிறது. எந்த மேட்டில் எந்தக் காலத்துக் கழிவு கிடக்கிறது, துணியைச் சரியாக அலசாத நாட்களில் பொன் வழிந்தது எந்தப் பக்கத்தில் கொட்டப்பட்டது என்பதையெல்லாம் அவர் குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். அந்த வேலைக்கு வரப்போகிறவர்கள் யாராயினும், யந்திரங்களை இறக்குமுன் அவரைப் போய்க் கேட்பார்களாக. மாலை நான்கு மணிக்குமேல் சாம்பியன் நிலையத்துச் சிமென்டுப் பெஞ்சில் இருப்பார்.