அந்தாண்ட கரையில் ஒரு வீடு

“மிஸ், ஊஞ்சல் எங்க இருக்கு?”

நான் வேலை பார்க்கும் பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஊஞ்சல் கிடையாது, சறுக்குமரமும் கிடையாது என்றதும் முகம் சுருங்கிவிடும். அடுத்த கேள்வி, பாத்ரூம் எங்கே என்பது. இந்த இரண்டையும் தாண்டிய பிறகுதான் சுற்றுச்சூழல் கல்வி தொடங்கும்.

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கா அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டி, கழிமுகம் என்றால் என்ன, அதில் யார் யார் வாழ்கிறார்கள் என்று சொல்வது என் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் பயாலஜி டீச்சராக இருந்தேன். கரும்பலகையில் வெண்கண்டல் மரத்தின் சுவாச வேரைப் படம் போட்டுப் பாகம் குறித்தவளுக்கு, சேற்றில் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் அவை நிஜமாகவே நீட்டிக்கொண்டு நிற்பதை முதல் முறை பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் பார்க்காமலே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு பைனாகுலர்தான். அதனால் கண்ணால் பார்க்கிற விஷயங்களையே அதிகம் வைத்துக்கொள்வேன். வெண்கண்டல் இலையை விரலால் தடவி உப்பைப் பார்ப்பார்கள். வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிஞ்சுகிற உப்பை அந்த மரம் இலை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. அப்புறம் குருட்டுக் கொக்கு. நாம் கிட்டே போகும்வரை அசையாமல் நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். சேற்று நிறத்தில் நின்றிருக்கும் அது சட்டென்று பறக்கும்போது இறக்கை பால் வெள்ளையாகத் தெரியும். “வேற பறவை மிஸ்!” என்று கத்துவார்கள்.

ஆனால், பிள்ளைகளைக் கட்டிப்போடுவது நண்டுதான். சேற்றில் விரல் நுழைகிற அளவுக்கு வளைகள் இருக்கும். ஐந்து நிமிடம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது என்பேன். முதல் இரண்டு நிமிடம் இடுப்பில் கிள்ளிக்கொண்டு சிரிப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் முதல் நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். “மிஸ், டாட்டா காட்டுது!” என்று எவனாவது கத்துவான். எல்லா நண்டும் உள்ளே போய்விடும். மறுபடியும் ஐந்து நிமிடம்.

2018-ல் ஒருநாள் பெரும்பாக்கம் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நீரோடை ஓரத்தில் நிறுத்தி, “கடல் தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை உள்ளே வரும்?” என்று கேட்டேன். வழக்கமாக யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு, கடைசி வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கை தூக்கினாள்.

“ரெண்டு வாட்டி மிஸ். தினம் ஒரே டைமுக்கு வராது, தள்ளித் தள்ளி வரும்.”

அசந்துவிட்டேன். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போவது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. “எந்தப் புத்தகத்துல படிச்சம்மா?” என்றேன்.

“படிக்கல மிஸ், பார்த்திருக்கேன்” என்றாள். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்துப் படங்கள் மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்தோம். ஒரு பக்கம் குப்பையும் கட்டட இடிபாடுமாகக் கிடந்த பழைய கழிமுகம், இன்னொரு பக்கம் மரமும் தண்ணீருமாக இப்போதைய காட்சி. எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு வரி உண்டு. நூறு முறையாவது சொல்லியிருப்பேன். “ஆற்றங்கரையை ஆக்கிரமித்து வீடு கட்டினார்கள். குப்பையைக் கொட்டினார்கள். ஆறு செத்துப்போனது.”

அதே பெண் மறுபடியும் கை தூக்கினாள்.

“மிஸ், கோட்டூர்புரம் பாலத்துக்கு அந்தாண்ட கரையிலதான் எங்க வூடு இருந்துச்சு. பெருவெள்ளத்துக்கு அப்புறம் இடிச்சிட்டு பெரும்பாக்கத்துல வூடு குடுத்தாங்க. நாங்க குப்பை போடல மிஸ். அது மேலருந்து வரும்.”

அவளுடைய டீச்சர், “ஏய், சும்மா இரு” என்று அதட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நேரமாச்சு, அடுத்த இடத்துக்குப் போகலாம்” என்றேன். பதினோரு வருடம் டீச்சராக இருந்தவளின் தந்திரம். பதில் தெரியாதபோது மணி அடித்துவிடும்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அடையாறு கடலுக்கு வந்து சேருமுன் சுமார் 42 கிலோமீட்டர் ஓடுகிறது. வழி நெடுக அதில் கலக்கும் சாக்கடை குடிசைகளிலிருந்து மட்டுமா வருகிறது? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து வெள்ளம் வந்தபோது கரையோரக் குடிசைகளில்தான் முதலில் தண்ணீர் புகுந்தது. பிறகு, ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த மனிதர்களையே அப்புறப்படுத்தினார்கள். அனுப்பப்பட்ட பெரும்பாக்கம் மட்டும் மேடா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. பெரிய மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அபார்ட்மென்ட் வேளச்சேரியில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடம் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 2015-ல் எங்கள் கார் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். எங்களிடம் பத்திரம் இருக்கிறது, பேங்க் லோன் இருக்கிறது. அதனால் எங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொன்னதில்லை. நானும்தான் சொல்லிக்கொண்டதில்லை.

பஸ் ஏறும்போது அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அவளே பேசினாள். அம்மா இன்னும் கோட்டூர்புரத்தில்தான் வீட்டு வேலைக்கு வருகிறார், விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறார் என்றாள். தாத்தா ஆற்றில் ஜிலேபிக் கெண்டை பிடித்து வருவாராம். பிறகு கேட்டாள், “தண்ணி ஏறுறப்ப அந்த நண்டுங்க எங்க மிஸ் போகும்?”

“வளைக்குள்ள போய் வாயைச் சேத்தால அடைச்சுக்கும். தண்ணி வடிஞ்சதும் திறந்துக்கிட்டு வெளியே வரும்.”

“அதே எடத்துலயா?”

“பெரும்பாலும் அதே எடத்துலதான்.”

தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

கையேட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது. நான் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு தாளைக் கொடுத்து, “இன்னிக்குக் காலையில நீங்க குளிச்ச தண்ணி எங்க போச்சு? வரைஞ்சு காட்டுங்க” என்கிறேன். கதை சொல்வதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கிறது. கொக்கைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று சில ஆசிரியர்களுக்கு வருத்தம். பரவாயில்லை, கொக்கு எங்கேயும் போய்விடாது.

போன மாதம் ஒரு பெரிய தனியார் பள்ளியிலிருந்து வந்தார்கள். ஒரு பையன் இருபது மாடிக் கட்டடம் வரைந்து, கீழே ஒரு தொட்டி வரைந்து, பக்கத்தில் ஒரு லாரி வரைந்தான்.

“லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும் மிஸ்.”

“சரி, லாரி எங்க போகும்?”

பென்சிலைக் கடித்தபடி யோசித்தான். பக்கத்துப் பையனைப் பார்த்தான். கடைசியில் தன் டீச்சரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரெட்டரியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். “அதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துப்பார் மேடம், உங்களுக்கு எதுக்கு?” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங் இருக்கிறது. கான்ட்ராக்டரின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.