ரூட் கடவுச்சொல் இல்லாமலேயே

ஆய்வகத்தின் பொதுக் கணினியில் ‘பைத்தான்.எச் கோப்பு இல்லை’ என்று கம்பைலர் நின்றுவிட்டால், அட்மின் வரட்டும் என்று மாணவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

உபுண்டுவில் ‘ஏபிடி டவுன்லோட்’ கட்டளைக்கு ரூட் அனுமதியே வேண்டாம். 22.04 பதிப்பு என்றால் அந்த ஹெட்டர் இருப்பது லிப்பைத்தான்3.10-டெவ் தொகுப்புக்குள், பைத்தான்3-டெவ்வை மட்டும் இறக்கினால் கிடைக்காது. இறக்கியதை ‘டிபிகேஜி -எக்ஸ்’ கொடுத்து உங்கள் ஹோம் கோப்புறையிலேயே பிரித்துக்கொள்ளலாம். பிரித்த இடத்தைக் கம்பைலருக்கும் சொல்ல வேண்டும்: ஹெட்டருக்கு சிபாத், லைப்ரரிக்கு லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறிகள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இதெல்லாம் சிரமமென்றால் மினிகோண்டா என்ற பைத்தான் தொகுப்பு போதும், அதுவும் ஹோமுக்குள் அடங்கிவிடும்.

கல்லூரி அட்மின்களே, இவையெல்லாம் ஹோமிலேயே இடம் பிடிப்பதால் மாணவர்களின் டிஸ்க் கோட்டாவைக் கொஞ்சம் கூட்டிக்கொடுங்கள்.