பெட்டரி பாவம்

நகரத்தில் ஓடும் காரைவிட மலையேறும் காருக்கு மின்சாரம் அதிகம் தேவை. கினிகத்தேனையைத் தாண்டிப் பனி இறங்கிவிட்டால் ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி மூட்டத்தைப் போக்கும் காற்றாடி எல்லாம் ஒன்றாக ஓடவேண்டும். கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊரும்போது எஞ்சின் சுற்றுக் குறையும். அதனோடு சேர்ந்து ஒல்டர்நேட்டர் தரும் கரண்டும் குறையும். கொழும்பில் எப்படியோ சமாளித்துவந்த பழுது, ஹட்டன் பாதையில்தான் வெளியே வந்தது.

டெவன் அருவிப் பக்கம் டாஷ்போர்டில் பெட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பயப்படவில்லை. காலையில் ஸ்டார்ட் இழுக்கிறது என்று புதுப் பெட்டரி போட்டுத்தான் புறப்பட்டிருந்தோம். அந்த விளக்கில் பெட்டரியின் படம் இருந்தாலும், அது சொல்வது சார்ஜ் ஏறவில்லை என்பதைத்தான். கொஞ்ச நேரத்தில் ஹெட்லைட் மஞ்சளித்தது, வைப்பர் சோம்பியது. காற்றாடியையும் ரேடியோவையும் அணைத்தேன். பனிக்குள் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி எடுக்காது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க, பக்கத்தில் மனைவி ஒன்றும் கேட்காமல் இருக்க, தலவாக்கலை வரை உருட்டிக்கொண்டு போனோம்.

கராஜில் நின்ற பெரியவர் ஒருவர், “எஞ்சின் ஓடும்போதே பெட்டரி வயரைக் கழற்றிப் பாருங்க, அணைஞ்சா ஒல்டர்நேட்டர் போச்சு” என்றார். என் அப்பாவும் தன் பழைய மொறிஸ் மைனரில் அப்படித்தான் பார்ப்பார். மெக்கானிக் தம்பி தடுத்துவிட்டார். இன்றைய கார்களில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் திடீரென்று எகிறி, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரையே சுட்டுவிடலாம்.

அவர் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், ஃபியூஸைப் பார்த்தார், எர்த் வயரை ஆட்டிப் பார்த்தார். பிறகு மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டவேண்டிய இடத்தில் 12ஐத் தாண்டவில்லை. “பெட்டரியக் குத்தம் சொல்லாதீங்க அண்ணே. அது பாவம், குடுத்துக் குடுத்தே காலியாயிருச்சு.”

ஒல்டர்நேட்டரைக் கழற்றித் திறந்தபோது கார்பன் பிரஷ் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமே என்றேன். அவர் என் விரலைப் பிடித்து, பிரஷ் உரசும் செப்பு வளையத்தில் வைத்தார். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அதன்மேல் புதுப் பிரஷ் நிலைக்காது. பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றுக்குப் பழைய ஒல்டர்நேட்டரின் படத்தை அனுப்பினார். மறுநாள் ஹட்டன் பஸ்ஸில் ரீகண்டிஷன் ஒன்று வந்து சேர்ந்தது.

கழற்றியபோது போலவே, பூட்டும் முன்பும் பெட்டரியின் நெகட்டிவ் முனை கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். ஒல்டர்நேட்டரின் தடித்த வயரில் எஞ்சின் நின்றாலும் கரண்ட் உண்டு. ஸ்பேனர் காரின் பொடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ண, மீட்டர் 14.2. ஹெட்லைட், வைப்பர், காற்றாடி எல்லாம் போட்டும் 13.9க்குக் கீழே இறங்கவில்லை.

அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. பெட்டரி விற்ற கடையிலும் மீட்டர் இருந்தது. வைத்துப் பார்க்கச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. கார் தெரிந்தவன் என்ற பெயர் கெட்டுவிடுமே என்ற கூச்சம். இப்போது யார் பெட்டரி மாற்றப் போனாலும் நான் சொல்வது இதுதான்: காசை எடுக்கும் முன், எஞ்சினை ஓடவிட்டு, எல்லா லைட்டையும் போட்டு வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 13க்குக் கீழே நின்றால் புதுப் பெட்டரி உங்களைக் காப்பாற்றாது; நடுவழியில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.