வட்டங்களும் சதுரங்களும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

அவரவர் குடும்பத்தின் வம்சாவளிப் படத்தை வரைந்து வருமாறு மரபியல் செய்முறை வகுப்பில் எங்கள் பேராசிரியர் பணித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறை உடையவர்க்குக் கறுப்பு. நண்பர்கள் நாக்கு மடிப்பதையும் காது மடலையும் எழுதினார்கள். நான் எங்கள் வீட்டுக் கால் வீக்கத்தை எழுதினேன். "இதென்னடா, கோலமா?" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நானே முதல்.

அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு இடக்கால் எப்போதும் வீங்கியிருக்கும். யானைக்கால் என்றே ஊரார் சொன்னார்கள். பெரியம்மா பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி இறந்தாள். "பச்சை உடம்பு, காத்து அடிச்சிருச்சு" என்றார்கள். தாய்மாமன் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தவர், திடீரென்று போய்விட்டார். நான் பிறந்தபின் அம்மாவுக்கும் கால் வீங்கியதாம். நான்கு கறுப்பு.

படத்தைப் பார்த்த பேராசிரியர் மதிப்பெண் போடவில்லை. "அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போ" என்றார்.

சோதனையில், ஆன்டித்ராம்பின் என்னும் புரதம் அம்மாவின் இரத்தத்தில் பாதியே இருந்தது. காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்வது த்ராம்பின். அது அளவு மீறாமல் அடக்குவது கல்லீரலில் உண்டாகும் இந்தப் புரதம். இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதானாலே அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். மற்ற நாட்களில் பாதியை வைத்து ஓட்டிவிடலாம். பிள்ளைப்பேறு, அறுவை, நெடுநாள் படுக்கை என்று வரும்போதுதான் ஆபத்து. காலின் ஆழ்சிரையில் இரத்தம் கட்டி, அக்கட்டி நுரையீரலில் போய் அடைக்கும். 1965-இல் ஓலாவ் ஏகபெர்க் என்னும் மருத்துவர் நார்வே நாட்டுக் குடும்பமொன்றில் இக்குறையை முதன்முதலில் கண்டு எழுதினார். அந்தக் குளிர்நாட்டில் இதைக் காத்து கருப்பு என்றிருக்க மாட்டார்கள்!

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. என் அக்கா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

"சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா அவளை வாழவிடுவாங்களா? வாயைத் திறக்காதே" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பேருந்து ஏறிப் போய் அத்தானிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். அவர் பெரியம்மாவின் வட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எப்ப கூட்டிட்டுப் போகணும்?" என்றார்.

அக்காவுக்கும் பாதிதான். இப்போது அத்தானே தினமும் அவளுக்கு ஹெப்பாரின் ஊசி போடுகிறார். பேறு முடிந்தும் ஆறு வாரம் போட வேண்டுமாம். ஹெப்பாரின் தானாகப் போரிடுவதில்லை. உடலில் இருக்கும் ஆன்டித்ராம்பினையே முடுக்கிவிடுகிறது. அக்காவின் பாதிக்கு அது துணை. அவள் மாமியார் என்னோடு இன்னும் பேசவில்லை.

படத்தில் என் சதுரம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. சோதனைக்குச் சீட்டு எழுதி வாங்கி மூன்று வாரமாகிறது. தேர்வு முடியட்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.